அன்றைக்கு மேகம்தான், ஏழுமலை

கடைசிவரை என்னோடு ஒத்துப்போகாத, கூடப் பிறக்காத என் அன்புத் தம்பி ஏழுமலைக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை. செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும் என்பது உனக்குத் தெரியும். பெயர்தான் செத்தவனுடையது, படிக்கப் போகிறது ஊர் என்பேன். இப்போது நானே எழுதுகிறேன். ஊர் படித்தால் படிக்கட்டும். ஒரு வழக்கு இருக்கிறது, அதில் என் பக்கம் பேச ஆளில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டார்கள்.

விஷயத்தைச் சொல்கிறேன். உன் மகள் செல்வி உன் கதைகளைச் சேர்த்துப் புத்தகம் போடுகிறாள். பத்திரிகையில் வந்ததும் உண்டு, திரும்பி வந்ததும் உண்டு. திண்டிவனத்தில் அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. முன்னுரை நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"அப்பாவ உங்க அளவுக்கு யாரும் திட்டினது இல்ல பெரியப்பா. நீங்கதான் எழுதணும்" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. எழுதிக் கொடுத்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். 'ஏழுமலையை நாங்கள் எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு வானம் மூடியிருந்தது, உப்பளம் முழுவதும் சாம்பல் நிறமாகக் கிடந்தது.' இதுதான் அந்த வரி.

"பெரியப்பா, அன்னிக்கு வெயில் கொளுத்துச்சு."

"மேகம்மா."

"சித்திரை மாசம் பெரியப்பா! செருப்பு இல்லாம நடந்தவங்களுக்குக் கால் கொப்பளிச்சுப் போச்சு."

"நான் பாத்தத எழுதியிருக்கேன்."

அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "சினிமால வர்ற மாதிரி இருக்குது. யாராச்சும் செத்தா உடனே மேகம் வந்துடும். நீங்களா இப்டி எழுதினீங்க?"

நீங்களா இப்படி எழுதினீர்கள் என்று கேட்கிறாள், ஏழுமலை. நாற்பது வருஷமாக நான் உன்னைக் கேட்ட கேள்வி. அதை உன் மகள் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கேட்கிறாள்.

நம் சண்டை என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கொட்டகையில் உட்கார்ந்து நான் தொடர்கதை படிப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு நான் போனதில்லை. கடைப் பலகைகளையும் பஸ் பலகைகளையும் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன். ஆனாலும் வேகமாகப் படிப்பேன். திரும்ப வெயிலில் இறங்குவதற்குள் அந்த வாரத்துப் பகுதி முடிய வேண்டும். அதனால் நிலா, காற்று, மரம், மேகம் வருகிற பத்திகளைத் தாண்டிவிடுவேன். கதைக்கு அவை தேவையில்லை என்பது என் முடிவு. இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளும்படி யாரும் எனக்குக் காரணம் சொல்லவில்லை.

நான் தாண்டியது யாருக்கும் தெரியாது, உனக்கு மட்டும் தெரிந்துவிடும்.

"அண்ணே, அங்க இன்னாவோ வுட்டுட்ட. அவ புருஷன் வீட்ட வுட்டு வெளிய வர்றா இல்ல, வெளிய எப்டி இருந்துச்சு?"

"வெளிய, வெளிய மாதிரிதான் இருந்துச்சு. பொத்திக்கினு கேளுடா."

கொட்டகையே சிரிக்கும். நீயும் சிரிப்பாய். ஆனால் வேலை முடிந்ததும் அந்தப் பத்திரிகையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய், நான் விட்டதை மட்டும் படித்துவிட்டு மறுநாள் கொண்டு வந்து கொடுப்பாய்.

என் கட்சி ரொம்பச் சின்னது. வானத்துக்கு நம்மைத் தெரியாது. கதைகளில் பெண் அழுதால் மழை வருகிறது. குழந்தை பிறந்தால் குயில் கூவுகிறது. துரோகம் பண்ணப் போகிறவன் நடந்தால் பட்டமரத்தில் காக்கை உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காக்கைக்கு வேறு வேலை இல்லையா? என் கல்யாணத்தன்று பேய்மழை. பாத்தியில் விளைந்திருந்த உப்பு மொத்தமும் கரைந்து போயிற்று. கதைக்காரர்கள் சொல்கிறபடி பார்த்தால் நானும் லூர்துமேரியும் ஒப்பாரி வைத்திருக்க வேண்டும். நாங்கள் கோயில் வாசலில் சிரித்துக்கொண்டே நனைந்தோம். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில்தான் நமக்குக் கூலி, நமக்குச் சோறு. அவர்களோ வெயில் என்றாலே கொடுமை என்று எழுதுகிறார்கள். யார் ஊர் வெயில் அது?

இதையெல்லாம் சொன்னால் நீ பீடியைக் காதில் செருகிக்கொண்டு மெதுவாக ஆரம்பிப்பாய்.

"வானத்துக்கு அவனத் தெரியாதுதான் அண்ணே. அவனுக்கு வானத்தத் தெரியும் இல்ல? அவன் கண்ணு வழியாத்தான நமக்குக் காட்டணும்?"

"கண்ணுல பொரை இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு."

"எல்லாருக்கும் இருக்கற பொரைண்ணே அது."

"எனக்கு இல்ல."

அப்படியே சொன்னேன். எனக்கு இல்லை என்று.

இந்தப் புத்தகத்தில் உன் இரண்டு கதைகள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. ஒன்றில் புருஷன் ஓடிப்போன பெண் காலையில் உப்பளத்துக்கு வருகிறாள். வரிசையாகக் குவித்து வைத்த உப்பு அவளுக்கு வெள்ளைத்துணி போர்த்திய பிணங்களாகத் தெரிகிறது. இன்னொன்றில் பெண் பார்த்துவிட்டுப் போனதற்கு மறுநாள் ஒருத்தி வருகிறாள். அதே குவியல் அவளுக்குக் கல்யாணப் பந்தியில் கொட்டி வைத்த சோறாகத் தெரிகிறது. நீ எழுதிக் காட்டிய அன்றைக்கே நான் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே உப்புடா. இங்க பொணம்ன்ற, அங்க சோறுன்ற. எதுடா நெசம்?"

"யாரு பாக்கறதுன்னு சொல்லு, எதுன்னு சொல்றேன்."

"நான் பாக்கறேன்."

"உனக்கு அது உப்புதாண்ணே. உன்ன வெச்சுக் கதை எழுத முடியாது."

அது எனக்குப் பாராட்டா திட்டா என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் கதைகளைப் பற்றி நீ சொன்னது மட்டும் திட்டுதான். பங்குக் கோயில் மலரில் வருஷத்துக்கு ஒன்றாக வந்த என் கதைகளில் வானமே கிடையாது. ஆட்கள் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சாவார்கள். "உன் கதையில ஜனங்க எல்லாம் பொட்டிக்குள்ள இருக்காங்கண்ணே. மேல மூடி போட்டுட்ட" என்றாய். அதற்கு நான் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நீயே டீ வாங்கிக் கொடுத்து சரி பண்ணினாய். வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட நான் மேகம் என்று எழுதினால் அங்கே மேகம் இருந்தது என்றுதானே அர்த்தம்? ஊருக்கு இது புரிய மாட்டேன் என்கிறது.

முதலில் லூர்துமேரியைக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏழுமலை எடுத்த அன்னிக்கு மேகம்தான?"

"இன்னாயா ஒளர்ற? வெயில்தான். நான்தான உன் தலையில ஈரத்துண்டு போட்டு அனுப்பினேன்? சாவுக்குப் போறவன் மயக்கம் போட்டு வுழுந்துடப் போறான்னு."

எனக்குத் துண்டு ஞாபகம் இல்லை.

அடுத்து காசி. நம்மோடு உப்பு வாரியவன், இன்றைக்கும் வாருகிறவன். டீக்கடையில் பிடித்தேன். "அன்னிக்கு நம்ம பாத்தியில உப்பு வாரினாங்க. நாங்க நாலு பேரு மட்டும் சாவுக்கு வந்தோம். வெயில் இல்லாம உப்பு எப்டி விளையும்?" என்று கேட்டான்.

"மேகம் போட்டாத்தான்டா அவசரமா வாருவாங்க. கரைஞ்சுடப் போவுதுன்னு."

"விளைஞ்சுது, வாரினாங்கண்ணே. நீ இன்னா போலீஸா?"

கடைக்காரன் சிரித்தான். நான் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் செல்வி தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு யாரோ எடுத்து அவளுக்கு அனுப்பிய படங்கள். உன் தெரு, உன் பாடை, பறையடிக்கிற பையன்கள். எல்லோருடைய காலடியிலும் கறுப்பாக, குட்டையாக நிழல். பாதிப் பேர் தலையில் கைக்குட்டை. எனக்கும் தலையில் துண்டு இருந்தது.

"இப்ப இன்னா சொல்றீங்க?"

"போன்ல எடுத்தா எல்லாமே வெளிச்சமாத்தான் தெரியும்."

"பெரியப்பா!"

"அந்தப் போனுக்கு உங்கப்பன யாருன்னு தெரியுமா? அது பாட்டுக்குப் பாத்துட்டுப் போச்சு."

வாயில் வந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், இது நான் பேசுகிற பேச்சு இல்லையே என்று தோன்றியது. உன் பேச்சு. என் வாயில் எப்படி வந்தது?

இங்கேதான் எனக்குக் குழப்பம், ஏழுமலை. என்னிடம் ஒரு ஞாபகம் இருக்கிறது, அதை என்னால் அசைக்க முடியவில்லை. சுடுகாட்டுக்குப் போகிற உப்பளத்து வரப்பில் வெயில் நாளில் நடந்தால் கண்ணைச் சுருக்காமல் நடக்க முடியாது, இரண்டு பக்கமும் வெள்ளை குத்தும். அன்றைக்கு நான் கண்ணைச் சுருக்கவில்லை. நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு நடந்தேன். பாத்தித் தண்ணீரில் மினுக்கம் இல்லை. தூரத்தில் பெருமுக்கல் மலை தெரியவில்லை. எல்லாம் ஈரச் சாம்பலாக இருந்தது. இது நான் பார்த்தது. பார்த்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது?

அவர்கள் எல்லோரும் தப்பு என்று வைத்துக்கொண்டால் எனக்குச் சௌகரியம். லூர்துமேரி தப்பு, காசி தப்பு, போன் தப்பு. இல்லையென்றால் நான் ஒரு மேகத்தைச் செய்திருக்கிறேன். கதைகளில் வந்த அத்தனை மேகங்களையும் தாண்டிப் போனவன், சொந்தமாக ஒன்று செய்து உன் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். யாரையும் அழவைப்பதற்காக நான் அதைச் செய்யவில்லை. பக்கத்தை நிரப்புவதற்கும் செய்யவில்லை. அது அங்கே இருந்தது.

அப்படியானால் அந்தக் கதைக்காரர்களும் பொய் சொல்லவில்லையா? இந்த இடத்தில் நான் மறுபடியும் முரண்டு பிடிக்கிறேன். எனக்கு மேகம் தெரிந்தது என்றால் செத்தது நீ, நடந்தது நான். அவர்களுடைய கதையில் செத்தவனும் இல்லை, நடந்தவனும் இல்லை. ஃபேனுக்குக் கீழே மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். இல்லாத ஆளுக்கு இல்லாத மேகம். அது யாருடைய கண் வழியாக வந்தது? எழுதுகிறவன் எப்போதோ யாரையோ தூக்கிக்கொண்டு போன அன்றைக்குப் பார்த்த மேகமா? அதைப் பத்திரமாக வைத்திருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தலைக்கு மேலே போடுகிறானா? அப்படியென்றால் அந்தப் பத்திகளைத் தாண்டியபோது நான் எதைத் தாண்டினேன்? தெரியவில்லை. நீ இருந்தால் கேட்பேன். கேட்டுவிட்டு, நீ சொல்வதை ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் கேட்டிருப்பேன்.

போன வாரம் உப்பளத்துக்குப் போய்ப் பார்த்தேன். இந்த வருஷம் தை மாதத்தில் மழை பெய்து பாத்தி கட்டுவதே தள்ளிப்போய்விட்டது. இப்போதுதான் குவிக்கிறார்கள். குவியலை மூட நீலத் தார்ப்பாய் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மத்தியான நேரம். வரப்பில் நின்றுகொண்டு வேண்டுமென்றே உன்னை நினைத்தேன். உன் சிரிப்பை, நீ பீடி வலிக்கிற விதத்தை, எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு குவியலைப் பார்த்தேன். பிணமாகத் தெரிகிறதா என்று. தெரியவில்லை. சோறாகவும் தெரியவில்லை. உப்பாகத்தான் இருந்தது. கண் கூசியது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. காசி தூரத்திலிருந்து, "இன்னாண்ணே, உப்ப மொறைக்கிற?" என்று கத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது செல்வி காத்திருந்தாள். இந்த முறை உட்காரவில்லை. அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள் என்றாள். வரியை எடுத்துவிட்டால் முன்னுரை அச்சுக்குப் போகும், இல்லாவிட்டால் முன்னுரையே வேண்டாம், நூலகத்து வாசகர் வட்டத்தில் யாரையாவது கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். உன் புத்தகத்தில் எனக்கு இடம் இல்லை என்கிறாள், ஏழுமலை. நீ எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிராக நின்று உன்னோடு மல்லுக்கட்டியவன் நான்தானே?

"வாங்கிக்க" என்றேன்.

"ஒரு வரி பெரியப்பா. ஒரே ஒரு வரி. அதுல உங்களுக்கு இன்னா போவுது?"

"உனக்கு இன்னா போவுது?"

அப்போதுதான் உட்கார்ந்தாள். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள்.

உனக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளிச்சட்டியை அவள்தான் எடுத்தாள். அது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பங்காளிகள் முணுமுணுத்தார்கள். அவள் அம்மா ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டாள். சட்டி எடுத்தவர் பாடைக்கு முன்னால் நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. உங்கள் ஆட்களின் வழக்கம் அது.

"என் தலையில சுட்டுச்சு பெரியப்பா. கையில நெருப்பு வேற. எனக்கே இப்டி சுடுதே, அப்பா மல்லாந்து படுத்துக்கினு இருக்காரே, மூஞ்சில எப்டி அடிக்கும்னு நெனச்சேன். யாராச்சும் கொடை புடிங்கன்னு சொன்னேன். பறை சத்தத்துல யாருக்கும் கேக்கல. திரும்பிப் பாக்கப் போனேன். திரும்பாத திரும்பாதன்னு தோளப் புடிச்சு நேராக்கிட்டாங்க. சுடுகாடு வரைக்கும் அதே நெனப்புதான். இப்பவும் வெயில்ல எறங்கினா அதான். நீங்க பாட்டுக்கு மேகம்னு எழுதுறீங்க. அப்பா நெழல்ல போனாருன்னு ஆயிடுது. அவரு நெழல்ல போகல."

அவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே வெயில் என்று நினைத்திருந்தேன். அவளுடைய வெயிலும் எல்லோருடைய வெயிலாக இல்லை. காசியின் வெயிலில் உப்பு விளைந்தது. லூர்துமேரியின் வெயிலில் எனக்கு மயக்கம் வரப் பார்த்தது. செல்வியின் வெயில் உன் முகத்தில் மட்டும் அடித்தது, அதையும் அவள் பார்க்கவில்லை.

அவளே என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாடைய ஒட்டித்தான நடந்தீங்க?"

"ஆமாம்மா. தலைமாட்டுப் பக்கம்."

"அப்பா மூஞ்சியப் பாத்தீங்களா?"

"பாத்துக்கினேதான் வந்தேன்."

"வெயில் அடிச்சுதா?"

எப்படிக் கேட்டாள் தெரியுமா? சண்டைக்குக் கேட்கவில்லை. போனில் இருந்த நிழலை எனக்குக் காட்டியவளே அவள்தான், அவளுக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டே கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். "உங்கப்பன் மூஞ்சி குளிர்ச்சியா இருந்துச்சு. ஒரு சொட்டு வெயில் இல்ல."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். லூர்துமேரி அடுக்களையிலிருந்து வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஈரத்துண்டைப் பற்றி அவள் சொல்லவில்லை.

போகும்போது செல்வி முன்னுரையை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். "அந்த வரி இருக்கட்டும் பெரியப்பா" என்றாள். "நாளைக்கே குடுத்துடறேன்."

வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன், ஏழுமலை. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் ஜெயித்தேன். அப்புறம் ஏன் அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை? நான் பார்த்ததைத்தான் சொன்னேன். உன் நெற்றியில் வைத்த காசு மினுங்கவில்லை, அதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். குளிர்ச்சியாக இருந்தது என்கிற வார்த்தை நான் எழுதிய வரியில் இல்லை. அது அந்த நேரத்தில் வந்தது. சாட்சி சொன்னேனா, கதை சொன்னேனா? இரண்டுக்கும் நடுவே கோடு இருக்கிறது என்று உன்னோடு அத்தனை வருஷம் சண்டை போட்டேன். அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் நின்று அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

இதைக் கேட்க நம்பகமான ஆள் எனக்கு நீ ஒருவன்தான். அன்றைக்கு மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு போனவனும் நீ ஒருவன்தான். கண்ணை மட்டும் மூடி வைத்துவிட்டார்கள்.

கதைகளில் வருகிற மழையையும் குயிலையும் பற்றி என் கட்சி அப்படியேதான் இருக்கிறது. அதில் உனக்கு ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை, சந்தோஷப்படாதே. ஆனால் ஒன்று சத்தியம் பண்ணுகிறேன். காசி வந்து கேட்டாலும், அச்சகத்துக்காரன் கேட்டாலும், சாகப்போகிற நேரத்தில் சாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும், உன் முகத்தில் நான் பார்த்த நிழலை மாற்றிச் சொல்ல மாட்டேன். உன் மகள் இனிமேல் வெயிலில் இறங்கி நடக்கட்டும்.

இப்படிக்கு,
உனக்கு அண்ணன், செல்விக்குப் பெரியப்பன்,
அந்தோணிசாமி
மரக்காணம்